கைப்பையில் நான்கு மாத்திரைகள்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை கோமதியின் மகனுக்கு ஒரு வயது நிறைந்தது. சங்கரன்கோவிலில் கேக் வெட்டினார்கள். புனேயில் நானும் என் வீட்டுக்காரரும் மகள் நிலாவும் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். அப்பாவிடம் போனைக் கொடுத்தால், வீடியோ என்பதை மறந்து காதில் வைத்துக்கொள்வார். அதனால் பேரனின் பிறந்தநாளில் பாதி நேரம் எங்களுக்கு அப்பாவின் காதுதான் தெரிந்தது. நிலா, "ஹாப்பி பர்த்டே பாளா" என்றாள். பாளா என்றால் மராத்தியில் பாப்பா. அங்கே ஒருவருக்கும் புரியவில்லை, இருந்தாலும் எல்லாரும் சிரித்தார்கள்.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு கோமதி மறுபடியும் கூப்பிட்டாள். அவள் நாத்தனார் உமாவுக்குத் தலைப்பிரசவம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்களாம். மாமியாருக்கு முட்டுவலி என்பதால் கூட இருந்து பார்க்கப்போவது கோமதிதான்.

"நான் இப்பமே சொல்லி வச்சிட்டேன்க்கா. மொத நாளு வலிக்கு மாத்திரை தாங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்காதன்னு. எனக்குப் புனேயிலயே சாயங்காலம் வரைக்கும் ஒரு மாத்திரை குடுக்கல. அவ்வளவு பெரிய ஊருல குடுக்கலைன்னா, காரணம் இல்லாமலா இருக்கும்? பச்ச ஒடம்புக்கு ஆகாது, பாலுல எறங்கும், அதான். நான் தாங்கிக்கிடலையா?"

நான் "ம்" என்றேன்.

ஒரு வருஷமாக அந்த "ம்"மை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மை என்னவென்றால், புனே ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். வேளை தவறாமல் இரண்டு தடவை கொடுத்தார்கள். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டவள் நான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, கோமதி எதற்குப் புனேக்குப் போனாள்? அம்மா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "அம்மா இல்லாத வீட்டுக்கு எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் பிள்ளையப் பிரசவத்துக்குக் கூப்பிடுவேன்?" என்று அப்பா போனில் அழுதார். அழுகை அடங்கியதும், "நீ இருக்கல்லா" என்றார். அப்படித்தான், புனேயின் ஔந்துப் பகுதியில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீடு, அவளுக்குத் தாய்வீடு ஆயிற்று.

நான் இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம். வீட்டுக்காரர் ஆகுர்டியில் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை. காலையில் பெற்றோர்கள் என்னிடம் மராத்தியில் சண்டை போடுவார்கள், நான் இந்தியில் சமாதானம் சொல்வேன், மேலே கேட்டால் இங்கிலீஷில் கடிதம் அடிப்பேன். இந்தியில் பஸ் பெண்பால் என்பது மட்டும் இன்றைக்கும் என் நாக்கில் நிற்கவில்லை. பஸ்ஸை ஆணாக்கிவிட்டு நிற்கும்போது நிலா தலையில் அடித்துக்கொள்வாள். அவள் தமிழில் எழுவாய் ஓரிடத்திலும் வினை வேறிடத்திலும் நிற்கும்போது நான் அடித்துக்கொள்வேன். இருவருக்கும் சரியாய்ப் போயிற்று.

இந்த வீட்டில் சமைக்கிறோம், தூங்குகிறோம், கடன் கட்டுகிறோம். ஆனால் கோமதி வந்து இறங்குகிற வரை இதை யாரும் "அம்மா வீடு" என்று சொன்னதில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி வளையல்களோடு ரயிலிலிருந்து இறங்கினாள். கீழ்வீட்டு மராத்தி அம்மா அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்து, எங்களிலும் உண்டு, எங்களுடையது பச்சை வளையல் என்று சொல்லிவிட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். அன்று எனக்குள் ஒரு பேராசை புகுந்தது. அம்மா எனக்கு என்னென்ன செய்தாளோ அதில் ஒன்று குறையாமல் இவளுக்குச் செய்துவிட வேண்டும். பூண்டுக் குழம்பு, சீரகத் தண்ணீர், வயிற்றில் சுற்றிக் கட்டப் பழைய நூல் சேலை, எல்லாம் எடுத்து வைத்தேன். அந்தச் சேலை அம்மாவுடையது. அம்மா இறந்த பிறகு அவள் பேச்சு எல்லாம் எனக்கு வேதம் ஆகியிருந்தது. அவள் உயிரோடு இருந்த நாளில் நான் அவள் சொன்னதற்கெல்லாம் எதிர்ப்பேச்சுப் பேசியவள்தான்.

3

என் பிரசவம் பதின்மூன்று வருஷங்களுக்கு முன்னால் சங்கரன்கோவிலில் நடந்தது. தையல் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். நர்ஸ் இரண்டு மாத்திரைகளை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, சாப்பிட்டதும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தூங்குகிறேன் என்று அம்மா நினைத்திருந்தாள். அரைக் கண்ணால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா மாத்திரைகளைச் சேலை முந்தியில் முடிந்தாள். பக்கத்துக் கட்டில்காரி கேட்டதற்கு, "பாலுல எறங்கும்லா. எம்பிள்ள தாங்குவா" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு எப்படி வலிக்கிறது என்று சொல்வது? வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து என் இரண்டு காலையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முழங்காலிலிருந்து பாதம் வரை அமுக்கிக்கொண்டே இருந்தாள். விரல் மரத்துப்போனால் உதறிவிட்டு மறுபடியும் அமுக்குவாள். நடுவில் எழுந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை.

அந்த வலி இன்றைக்கு எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தக் கை நினைவிருக்கிறது. சோப்புக் காரத்தில் வெடித்த, விளிம்பில் சொரசொரத்த விரல்கள். இந்த ஊர்க் குளிரில், டிசம்பர் மாதம் காலையில் எழுந்து கால் மரத்திருக்கும்போது, அந்தக் கை வேண்டும் என்று இருக்கும். நாற்பது வயதுக்காரி இதை எழுதுவதற்கு வெட்கப்பட வேண்டும். வெட்கமாக இல்லை.

4

கோமதிக்கு நாள் பத்து இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. அவள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். தெற்கே புயல் மழை, கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, விடுப்புக் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை விடிந்ததும் நானே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய ஆஸ்பத்திரி அது. சேர்க்கும் படிவத்தில் உறவு என்ற இடத்தில் கணவன் அல்லது தாய் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் எழுத்தர். கணவன் ரயிலில் இன்னும் ஏறவே இல்லை என்றேன். தாய் என்றார். தாய் இல்லை என்றேன். அப்படியானால் தாய் ஸ்தானத்தில் யார் என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பேனாவை வாங்கி என் பெயரைப் போட்டேன். கோமதி அந்தப் பக்கம், ஊசி ஏற்றுவதற்காக வளையல்களைக் கழற்றியதற்கு அழுதுகொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தையல் கொஞ்சம் அதிகம் போட வேண்டியிருந்தது என்றார் டாக்டர். பத்தரை மணி இருக்கும், சுனந்தா என்ற நர்ஸ் ஒரு காகிதக் கிண்ணத்தில் இரண்டு மாத்திரைகள் கொண்டுவந்தார். கோமதி கண்ணை மூடிக் கிடந்தாள். சாப்பிட்டதும் கொடுத்துவிடுங்கள், வலி ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று என்னிடம் தந்தார். வாங்கினேன். எனக்கு முந்தி இல்லை, நான் சுடிதார் போட்டிருந்தேன். கைப்பையின் சின்ன அறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். சந்தேகம் ஒன்றும் இல்லை. சந்தோஷமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். அம்மா செய்ததை அப்படியே செய்கிறேன் என்ற சந்தோஷம்.

மதியம் கோமதி கண் விழித்தாள். ஒருக்களித்துப் படுக்கவும் முடியவில்லை, மல்லாக்கவும் முடியவில்லை.

"அக்கா, வலிக்குக்கா. வலிக்கு மாத்திரை ஒண்ணும் தர மாட்டாங்களா?"

"பிள்ள பெத்தவளுக்கு அதெல்லாம் கெடையாது. கொஞ்சம் பொறுத்துக்கிட்டா சரியாயிரும்."

"கேட்டுப் பாரேன்க்கா. எனக்குத்தான் இந்தி வராது."

"கேட்டுட்டேன்ட்டி" என்றேன்.

பொய் என்று தனியாக யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வாயில் வந்தது. அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்துக்கொண்டு அமுக்கத் தொடங்கினேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள். தொடாதே, தொட்டால் மேலே சுண்டி இழுக்கிறது என்றாள். அம்மாவின் கைக்கு அப்படி நடந்திருக்காது என்று நினைத்து எனக்குக் கண்ணீர் வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சுனந்தா வந்து, வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, இப்போது எவ்வளவு என்று இந்தியில் கேட்டார். அவர் கேட்டது கோமதியை. பதில் சொன்னது நான். "நான்கு." எங்கள் வீட்டுப் பெண்கள் ஊரைக் கூட்டமாட்டார்கள் என்று ஒரு பெருமை. சிறுநீர் போனாளா என்றார். காலையில் போயிருப்பாள் என்றேன். உண்மையில் தையல் எரியும் என்ற பயத்தில் அவள் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. நாலரை மணிக்கு அடுத்த இரண்டு மாத்திரைகள் வந்தன. அவையும் முந்தைய இரண்டோடு போய்ச் சேர்ந்தன. கொடுத்தாயிற்றா என்று வாசலிலிருந்தே கேட்டார். தலையாட்டினேன். அட்டையில் குறித்துக்கொண்டார்.

5

ஐந்து மணிக்குப் பார்வையாளர் நேரம். என் வீட்டுக்காரர் நிலாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார். குழந்தையைப் பார்க்கத்தான் ஓடி வந்தாள். ஆனால் கோமதியின் முகத்தைப் பார்த்ததும் தொட்டில் பக்கம் போகவில்லை. கோமதி கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். உதட்டில் பல் பதிந்திருந்தது. குழந்தை அழுதபோதும் திரும்பவில்லை.

"சித்தி, பெயின் எவ்வளோ? பத்துல?" என்று தன் ஓட்டைத் தமிழில் கேட்டாள் நிலா.

அந்தக் கேள்வியை அன்று முழுவதும் யாரும் கோமதியிடம் தமிழில் கேட்டிருக்கவில்லை. கோமதி கம்பியிலிருந்து இரண்டு கையையும் எடுத்து ஒன்பது விரலைக் காட்டினாள்.

நிலா நேராக வராந்தாவுக்குப் போய்ச் சுனந்தாவிடம் பேசினாள். அவள் மராத்தி எனக்குப் பாதிதான் புரியும், வேகமாகப் பேசினால் அதுவும் இல்லை. 'மாவ்ஷி' என்பது காதில் விழுந்தது, அம்மாவின் தங்கை. 'நவூ' என்பது விழுந்தது, ஒன்பது. இந்தப் பெண்ணுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் ஒழுங்காக வரவில்லையே என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். அன்று என் தங்கையின் வலியை வெளியே எடுத்துக்கொண்டு போனது அவள் மராத்திதான்.

சுனந்தா ஓடி வந்து நாடி பார்த்தார். வேகமாக இருந்தது. டாக்டர் வந்தார், ஐம்பது வயது அம்மா, அட்டையைப் பார்த்தார். என்னிடம் சொன்னது இதுதான்: "வலிக்கு இரண்டு வேளை மருந்து முழுதாகப் போயிருக்கிறது. அதற்குப் பிறகும் வலி குறையாமல் ஏறுகிறது என்றால், வெளியே தெரியாமல் தையலுக்கு உள்ளே இரத்தம் கட்டுகிறதோ என்று நான் பயப்பட வேண்டும். தியேட்டரைத் தயார் செய்யச் சொல்கிறேன். மயக்கம் கொடுத்துத் திறந்து பார்க்க வேண்டியிருக்கலாம். இரத்தத்துக்கும் சொல்லி வைக்கிறேன்." சுனந்தா படிவத்தை நீட்டினார். மறுபடியும் உறவு என்ற கட்டம்.

பேனா என் கையில் இருந்தது. மருந்து போகவில்லை என்று சொன்னால் நான் யார் என்று தெரிந்துபோகும். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. உள்ளே நிஜமாகவே இரத்தம் கட்டிக்கொண்டிருந்து, நான் சொன்னதைக் கேட்டு, அட மாத்திரை போடாத வலிதானே என்று இவர்கள் விட்டுவிட்டால்? சொல்லாமல் இருந்தால் அவளை வீணாக அறுப்பார்கள். சொன்னால் அறுக்க வேண்டியதை விட்டுவிடுவார்கள். இரண்டில் எது என்று முடிவு செய்யும் அறிவு எனக்கு இல்லை என்பது, அந்த நாளில் முதன்முறையாக அப்போதுதான் புரிந்தது.

ஜிப்பைத் திறந்து நான்கு மாத்திரைகளையும் டாக்டரின் கையில் வைத்தேன். "மேடம், ஒன்றும் உள்ளே போகவில்லை. நான் கொடுக்கவில்லை" என்றேன். ஆண்பால் பெண்பால் எல்லாம் குளறிக் கிடந்த இந்தி. அவருக்குப் புரிந்தது.

அவர் திட்டவில்லை. "வேறு ஏதாவது கொடுத்தீர்களா? உங்கள் ஊர் மருந்து, வீட்டில் இருந்த மாத்திரை?" என்று கேட்டார். சீரகத் தண்ணீர் மட்டும் என்றேன். "சிறுநீர்?" தெரியாது என்றேன். "நீங்கள் சொன்னதால் நான் பார்க்காமல் விட்டுவிடப் போவதில்லை. வெளியே இருங்கள்" என்றார். சுனந்தாவிடம் அட்டையில் அடித்துத் திருத்தச் சொன்னார்.

வராந்தாவில் நிலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"ஏன் குடுக்கல அம்மா?"

"ஆச்சி எனக்குக் குடுக்கல."

"அது ரீசனா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அரைமணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். தையல் பக்கத்தில் வீக்கம் இருக்கிறது, சின்னதுதான். காலையிலிருந்து சிறுநீர் போகாமல் பை முட்டி நின்றிருக்கிறது. வலியால் போகவில்லை, போகாததால் வலி ஏறியிருக்கிறது. குழாய் வைத்து எடுத்தாயிற்று, மருந்து கொடுத்தாயிற்று, ஐஸைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறது. கால்மணிக்கொரு தடவை வீக்கம் பெரிதாகிறதா என்று பார்ப்போம், பெரிதானால் தியேட்டர் என்றார். அந்தக் கால்மணிகளை எல்லாம் நான் வராந்தாவில் நின்றே கழித்தேன். வீக்கம் பெரிதாகவில்லை. ஏழரைக்குக் கோமதி குழந்தையைக் கேட்டு வாங்கிப் பால் கொடுத்தாள்.

டாக்டர் போகும்போது கட்டில் அருகில் நின்று என்னிடம் பேசினார். "நாங்கள் கொடுத்தது பால் கொடுக்கும் தாய்க்கென்று தேர்ந்து கொடுத்தது. பாலில் போவது துளியிலும் துளி. ஆனால் வலியில் கிடக்கிற அம்மா பிள்ளையைத் தூக்கமாட்டாள், பாலும் சரியாக இறங்காது. எங்களை ஏமாற்றினால்கூடப் பரவாயில்லை. அட்டையை ஏமாற்றாதீர்கள். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கத்தியை எடுப்பதா வைப்பதா என்று முடிவு செய்கிறோம்."

சுனந்தா அவர் பின்னாலேயே போனவர் திரும்பி வந்து, "நானும் விழுங்குவதை நின்று பார்த்திருக்க வேண்டும்" என்றார். அவர் குரலைக் கேட்கத்தான் எனக்கு அதிகம் கஷ்டமாக இருந்தது.

எல்லாம் கோமதியின் தலைக்கு மேலே இந்தியில் நடந்தது. அவள் ஒரு முகத்தையும் இன்னொரு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா என்னக்கா சொல்லுதாவ?"

"மூத்திரம் அடைச்சிருந்துச்சாம். அதான் வலியாம்."

நிலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் தொட்டிலைப் பார்க்கப் போய்விட்டாள். இந்த ஊரின் மொழி எத்தனையோ தடவை என்னை அவமானப்படுத்தியிருக்கிறது. அன்று ஒரு நாள் அது என்னை மறைத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது.

6

ஞாயிற்றுக்கிழமை அந்த "ம்" சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உமாவை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒல்லியான பெண், கேட்டால்தான் பேசுவாள். வியாழக்கிழமை அவள் ஒரு கட்டிலில் கிடப்பாள், கோமதி கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள், ஒரு நர்ஸ் வந்து மாத்திரையைக் கோமதியின் கையில் கொடுப்பார். அதற்கு மேல் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்து மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

"கோமதி, உனக்கு மாத்திரை குடுத்தாவட்டி."

"என்னது?"

"புனேல. ரெண்டு நேரமும் குடுத்தாவ. எங்கிட்டத்தான் குடுத்தாவ. நான் உனக்குத் தரல. அதனாலதான் மூத்திரம் அடைச்சுது. உன்ன ஆபரேஷன் பண்ண இருந்தாவ. நீ ஆகாதுன்னு நெனச்சது ஒண்ணும் ஆஸ்பத்திரிச் சட்டமில்ல. அது நான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா?"

"அம்மா எனக்குத் தரல."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"நீ கேக்கலையா?"

"கேக்கல."

"நான் கேட்டேனேக்கா" என்றாள்.

மாடிப்படியில் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். சுவரோடு ஒட்டி வழி விட்டேன். அவள் போனை வைக்கவில்லை.

"அப்ப அம்மா செஞ்சது தப்பாக்கா?"

அம்மா போன பிறகு அவளைப் பற்றி ஒரு குறை நான் சொன்னதில்லை, யாரையும் சொல்ல விட்டதுமில்லை. "தப்புத்தான்" என்றேன். "அம்மா தெரியாம செஞ்சா. நான் அப்படிச் சொல்லிக்கிட முடியாது. நீ வலிக்கி வலிக்கின்னு சொல்லச் சொல்ல, உன் மொகத்தப் பாத்துக்கிட்டே செஞ்சேன்."

சொல்லி முடித்ததும் அம்மாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அவளிடம் கோபப்பட வேண்டும், அவள் மடியில் காலைப் போட்டுக்கொள்ள வேண்டும், இரண்டும் ஒன்றாக வேண்டும்.

"இரு, பேனா எடுத்துக்கிடுதேன்" என்றாள் கோமதி. "உமாவுக்கு என்ன செய்யணும்? சொல்லு."

சொன்னேன். மாத்திரை கொடுத்தால் வலி தாங்குதா இல்லையா என்று பார்க்காதே, அவர்கள் சொன்ன மணிக்குக் கொடு. உன் கையால் வீட்டு மாத்திரை எதையும் சேர்க்காதே, ஒரே மருந்து இரண்டு தடவை போய்விடும். அவளுக்கு அல்சர், வீசிங், பிரஷர், ஏதாவது மாத்திரை ஒத்துக்காது என்று இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லச் சொல். வலி எவ்வளவு என்று அவளைக் கேள், நீ பதில் சொல்லாதே. ஐந்தாறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போனாளா என்று பார். மருந்து போட்டும் வலி ஏறினாலோ, கீழே முட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தாலோ, இரத்தம் அதிகம் பட்டாலோ, தலை இடித்தாலோ, கண் மங்கினாலோ நர்ஸைக் கூப்பிடு. அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிடு.

"கீழ முட்டிக்கிட்டு வாற மாதிரி" என்று அவள் மெல்லச் சொல்லிக்கொண்டே எழுதுவது கேட்டது. "எனக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அதற்குப் பிறகு, வைக்கட்டுமா என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டாள்.

செவ்வாய் போன் இல்லை. புதன் இல்லை. தினமும் காலையில் குழந்தையின் படம் ஒன்று வரும், அதுவும் வரவில்லை. வீட்டுக்காரர், கோபம் ஆறட்டும், ரத்த பந்தம் எங்கே போகும் என்றார். நிலா, "நான் சித்திக்குப் பேசவா?" என்றாள். உன் தமிழைக் கேட்டால் இன்னும் கோபம் வரும் என்று சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை அலுவலகத்தில் போனை மேஜை மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சேர்க்கைப் படிவத்தில் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் பிள்ளையின் பெயரைப் பதிந்து, அதைத் திருத்த இரண்டு கையெழுத்து வாங்க அலைந்தேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு வார்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல், இங்கே உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருப்பதுதான் இந்தப் பதினாறு வருஷமும் என் பிழைப்பு. அம்மாவுக்குக் கடைசியில் மூச்சுத் திணறியபோதும் நான் இந்த நாற்காலியில்தான் இருந்தேன்.

ஐந்து மணிக்குச் செய்தி வந்தது.

"உமாவுக்குப் பொம்பளப் பிள்ள. நாலு மணிக்கு மாத்திரை குடுத்தாச்சு. முழுங்குனதப் பாத்துட்டுத்தான் நகந்தேன். இப்பத் தூங்குதா."

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். எதிரே நின்ற பெற்றோர் ஒருவர் மராத்தியில் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று புரியவில்லை. மறுபடியும் போன் அதிர்ந்தது.

"நீயும் இங்க இருந்திருக்கலாம்க்கா."